கை வெச்சுக் காட்டு

எங்கள் வீட்டு டிவியில் ரஜினிக்கு எப்போதும் இரண்டு மூக்கு. தொண்ணூறுகளின் கடைசி, தண்டையார்பேட்டை. சித்தப்பா கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார், நாலு தெருவுக்கு அவர்தான் சப்ளை, ஆனால் அவருடைய அண்ணன் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், எந்த முகத்துக்கும் எந்த எழுத்துக்கும் பக்கத்தில் 2 மில்லிமீட்டர் தள்ளி மங்கலாக இன்னொன்று நிற்கும். காசு கொடுக்காத கனெக்‌ஷன் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போடும் நேரத்தில் ஆயா போட்ட கூச்சலில் ரோஷம் வந்து சித்தப்பா மொட்டை மாடிக்கு ஏறினார். மீட்டரைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குற்றம் கிடைத்தது. அவரிடம் வேலை பார்த்த பையன்கள் ஸ்ப்ளிட்டர்கூடப் போடாமல் ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று எங்கள் வீட்டுக்கு. இன்னொன்று, காலி செய்துவிட்டுப் போன பின்கட்டுப் போர்ஷன் வரைக்கும் முப்பது மீட்டர் போல ஓடி, எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா முறுக்கை வெட்டிவிட்டு ஒரு ஸ்ப்ளிட்டரைப் போட்டார், காலி முனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடியைத் திருகினார். டெர்மினேட்டர். உள்ளே இருப்பது ஒரு 75 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

“ஒயர சும்மா வுட்டா சிக்னல் போய் முட்டிக்கினு திரும்பி வரும்டா. இத்த போட்டா அங்கியே முழுங்கிடும்.”

கீழே வந்து பார்த்தால் ரஜினிக்கு ஒரே மூக்கு.

பல வருஷம் கழித்து, இதே துறையில் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது மீட்டர் போய், முப்பது மீட்டர் திரும்பினால் அறுபது. அந்த நுரை இன்சுலேஷன் கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 83 சதவீதத்தில் போகும், ஆக 0.24 மைக்ரோசெகண்ட் தாமதம். பழைய டிவியில் ஒரு கோடு திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போக 52 மைக்ரோசெகண்ட். 21 இஞ்ச் டிவியின் அகலம் 43 சென்டிமீட்டர் போல. வகுத்தால் இரண்டாவது மூக்கு 2 மில்லிமீட்டர் தள்ளித்தான் விழ வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் நிழல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தே எத்தனை வீடு தாண்டி ஒயர் அறுந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்.

அவருடைய கடையில் எல்லாமே டிபி கணக்குதான். “அந்தத் தெருவுல எத்தினி டிபி வருது?”, “ஸ்ப்ளிட்டர் போட்டா நாலு டிபி போச்சு”, “எழுபது டிபி இருந்தா போதும்”. சிக்னலின் பலத்தைச் சொல்லும் கணக்கான டெசிபலைத்தான் சொல்கிறார்கள். தமிழில் எழுதினால் அதற்கும் அந்த நோய்க்கும் ஒரே எழுத்து, காதில் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்துத் தெருவில் எல்லோருக்கும் டிபி கம்மியாகிவிட்டது என்று ஒரு பையன் சந்தோஷமில்லாமல் சொல்வதைக் கேட்ட ஆயா, ஓட்டேரி ஆஸ்பத்திரிக்குப் போகாமலே குறைந்துவிட்டதா, அதற்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறான் என்று கேட்டது எங்கள் வீட்டில் இன்னும் ஓடும் கதை. (இந்தக் கட்டுரையில் டெசிபல் என்றே எழுதுகிறேன்.)

அப்புறம் கல்லூரி. சென்னைக்கு வடக்கே, பஸ்ஸில் ஒண்ணேகால் மணி நேரம். மைக்ரோவேவ் லேப் என்றால் ஒரு நீள மேஜை, அதன்மேல் செவ்வகப் பித்தளைக் குழாய்கள் ஒன்றோடொன்று நட்டு போல்ட் போட்டுக் கோத்து நிற்கும். ஒரு முனையில் மைக்ரோவேவைக் கிளப்பும் கிளைஸ்ட்ரான் டியூப், அப்புறம் ஐசொலேட்டர், அட்டனுவேட்டர், பிரீக்வென்சி மீட்டர், நடுவில் மேலே பிளவு வைத்த ஸ்லாட்டட் லைன், கடைசியில் லோடு. குழாயின் உள் அளவு 22.86க்கு 10.16 மில்லிமீட்டர். இந்த அகலத்தை நம்பித்தான் எல்லாக் கணக்கும், 6.56 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தக் குழாயில் எதுவும் போகாது. வாசலிலேயே இரண்டு எச்சரிக்கை: ரிப்பெல்லர் வோல்டேஜ் கொடுக்காமல் பீம் வோல்டேஜை ஏற்றாதே, ஓடிக்கொண்டிருக்கும்போது குழாய்க்குள் எட்டிப் பார்க்காதே. இரண்டாவதை யாரும் மீறவில்லை. முதலாவதை எங்கள் பேட்ச் மீறி ஒரு டியூபை ஒழித்துக்கட்டியது, யார் என்று கடைசிவரை வெளியே வரவில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஸ்லாட்டட் லைன் மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது. இன்றைக்கு இந்த வேலை கற்றுக்கொள்பவர்கள், எவ்வளவு போனது எவ்வளவு திரும்பியது என்று தானே கணக்குப் போட்டுத் திரையில் காட்டும் நெட்வொர்க் அனலைசரில் நேராக உட்கார்ந்துவிடுகிறார்கள், பாவம், அவர்கள் அலையைக் கையால் தொட்டதே இல்லை. குழாயின் மேல் பிளவுக்குள் ஒரு ஊசி இறங்கியிருக்கும், அதைத் தள்ளுவண்டி மாதிரி முன்னும் பின்னும் நகர்த்தலாம். போகும் அலையும் முட்டித் திரும்பும் அலையும் சேரும் இடத்தில் மீட்டர் ஏறும், ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் விழும். சித்தப்பா சொன்ன அந்த “முட்டிக்கினு திரும்பி வரும்” இங்கே மில்லிமீட்டர் ஸ்கேலில் தெரியும். எங்கள் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது: ஒரு பள்ளம் 9.31 சென்டிமீட்டரில், அடுத்தது 11.54ல். வித்தியாசம் 2.23. பள்ளத்துக்குப் பள்ளம் அரை அலைநீளம், அப்படியானால் குழாய்க்குள் அலைநீளம் 4.46 சென்டிமீட்டர். குழாயின் அகலத்தையும் சேர்த்துச் சூத்திரத்தில் போட்டால் 9.39 கிகாஹெர்ட்ஸ். பிரீக்வென்சி மீட்டரைத் திருகினால் 9.4 பக்கத்தில் முள் சட்டென்று குதித்து விழுகிறது. ஸ்கேலை வைத்து அளந்து கிகாஹெர்ட்ஸ் கண்டுபிடித்த அன்றைக்கு நான் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காததைக்கூடக் கவனிக்கவில்லை.

மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தை ஏன் தேடுகிறோம் என்று வைவாவில் கேட்பார்கள். மேடு மொட்டைத்தலை மாதிரி, உச்சி எது என்று தெரியாது, பள்ளம் கூர்மையானது. இன்னொன்றை வைவாவில் கேட்க மாட்டார்கள், ஆனால் அதுதான் முக்கியம். ரீடிங் நன்றாக வரட்டும் என்று நாங்கள் ஊசியை ஆழமாக இறக்கினோம். முள் கம்பீரமாக ஏறியது, ஆனால் பள்ளமெல்லாம் நகர்ந்து, கணக்கு எங்கேயோ போய்விட்டது. லேப் அசிஸ்டென்ட் வந்து ஒன்றும் பேசாமல் ஊசியை மேலே தூக்கினார். ஆழமாக இறக்கினால் ஊசியே ஒரு தடையாகி, தானும் அலையைத் திருப்பியனுப்ப ஆரம்பித்துவிடும். நான் அளந்துகொண்டிருந்ததில் பாதி என்னுடைய ஊசியை.

இதை அன்றைக்கே சரியாகப் பிடித்திருந்தால் பின்னால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இடத்தில் நெட்வொர்க் அனலைசர் இருந்தது. ஏசி ரூம், காலையில் போட்டால் அரை மணி நேரம் சூடேற விட வேண்டும், கேபிளை வளைக்கக் கூடாது, கனெக்டரை வெறுங்கையால் தொடக் கூடாது. சேர்ந்த முதல் மாதம் முழுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது கனெக்டர் மாட்டுவதை மட்டும்தான். சிரிக்காதீர்கள். ஒரு எஸ்எம்ஏ கனெக்டரை மாட்டும்போது கேபிளைச் சுற்றக் கூடாது, நட்டை மட்டும்தான் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் பின் எதிர்ப்பக்கத்துக் குழிக்குள் அரைபட்டுக்கொண்டே போகும். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரென்ச். பித்தளை என்றால் 0.56 நியூட்டன் மீட்டர், ஸ்டீல் என்றால் 0.9. ரென்ச்சின் கழுத்து லேசாக மடங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். சித்தப்பா கடையில் பல்லால் ஒயர் உரித்துப் பழகியவனுக்கு இது பெரிய தண்டனை.

இன்னொரு கண்டமும் இருந்தது. பெரிய ‘N’ டைப் கனெக்டரில் 50 ஓம், 75 ஓம் என்று இரண்டு ஜாதி, வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. 50 ஓம் ஆண் கனெக்டரின் நடுப்பின் தடிமன் அதிகம், அதைக் கொண்டுபோய் 75 ஓம் பெண் கனெக்டரில் செருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய விரல்கள் விரிந்து கெட்டுப்போகும். அதற்கப்புறம் அதில் சரியான பின்னை மாட்டினாலும் தொட்டும் தொடாமலும் நிற்கும், ரீடிங் அந்தந்த நேரத்து மூடுக்கு ஏற்ற மாதிரி வரும். கேபிள் டிவி உலகம் முழுக்க 75, லேப் உலகம் முழுக்க 50. இரண்டு வீட்டிலும் வளர்ந்தவன் என்ற முறையில் நான் அதிலாவது தப்பு செய்யவில்லை.

செய்த தப்பு வேறு. காலையில் ஷார்ட் (முனையை மூடியது), ஓப்பன் (திறந்துவிட்டது), லோடு (முழுங்குவது), த்ரூ (நேர் இணைப்பு) என்று நாலையும் வரிசையாக மாட்டிக் கேலிபரேஷன் முடித்தேன். இந்த நாலும் இன்னது என்று அனலைசருக்கு முன்கூட்டியே தெரியும்; தெரிந்ததை மாட்டினால் எவ்வளவு தப்பாகத் தெரிகிறது என்று பார்த்து, கேபிளும் தானும் செய்யும் கோளாறை அது கணக்கில் கழித்துவிடும். கழித்த பிறகு, கேபிளின் அந்த நுனியில்தான் அளவே ஆரம்பிக்கிறது. சரி. அளக்க வேண்டிய ஃபில்டர் வந்தது, அதன் ஒரு பக்கம் கனெக்டர் பொருந்தவில்லை. சும்மா ஒரு அடாப்டர்தானே என்று டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். ரிப்போர்ட் போனது. ஃபில்டர் சரியில்லை என்று டிசைன் பண்ணியவர்கள் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

சீனியர் மேடம் ஒருவர் வந்து செட்டப்பைப் பார்த்தார். திட்டவில்லை. “ஏம்பா, கேலிபரேஷன் எங்கே முடியுது? கை வெச்சுக் காட்டு” என்றார்.

நான் அனலைசரைக் காட்டினேன். தலையாட்டினார். கேபிளைக் காட்டினேன். “கேபிள்ல எங்கே?” கேபிள் நுனியில் விரலை வைத்தேன். “அங்கேயிருந்து ஃபில்டர் எங்கே ஆரம்பிக்குது? அதையும் காட்டு.” இரண்டு விரலுக்கும் நடுவில் அந்த அடாப்டர் உட்கார்ந்திருந்தது, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு, பளபளவென்று. 10 கிகாஹெர்ட்ஸில் காற்றில் ஒரு முழு அலைநீளமே அவ்வளவுதான். இந்த இரண்டு விரல் பாடத்தை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எல்லோரும் முதலில் அனலைசரைத்தான் காட்டுகிறார்கள்.

ஸ்மித் சார்ட் பற்றியும் ஒரு வார்த்தை. 1939 ஜனவரியில் பெல் லேப்ஸ் இன்ஜினியர் ஃபிலிப் ஸ்மித் வெளியிட்ட, அலை எவ்வளவு, எப்படித் திரும்புகிறது என்பதை ஒரு புள்ளியாகக் காட்டும் அந்த வட்டப்படத்தை நாங்கள் பரீட்சைத் தாளில் காம்பஸ் வைத்து வரைந்ததோடு சரி. லேப்பில் அது உயிரோடு இருக்கிறது. ஷார்ட் மாட்டினால் இடது கோடியில் புள்ளி. ஓப்பன் மாட்டினால் வலது கோடியில் புள்ளி என்று புத்தகம் சொல்லும், ஆனால் நிஜமான ஓப்பனின் வாயில் கொஞ்சம் மின்புலம் வெளியே பிதுங்கி நிற்கும், அது சின்ன கெபாசிட்டர் மாதிரி. அதனால் ஒழுங்காகக் கேலிபரேஷன் செய்திருந்தால் பிரீக்வென்சி ஏற ஏற அந்தப் புள்ளி கடிகாரச் சுற்றில் ஒரு சின்ன வால் விட வேண்டும். வாலே இல்லாமல் அச்சுப் புள்ளியாக நின்றால் அந்த நாலு துண்டுக்கான கிட் செட்டிங்கில் ஏதோ தப்பு. ரொம்ப அழகாக வந்தால் சந்தேகப்படு என்று மேடம் சொன்னது இதை வைத்துத்தான்.

எந்த பிரீக்வென்சியில் எவ்வளவு சிக்னல் என்று முள் முள்ளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரிலும் இதே வழக்குதான். திரையில் தேவையில்லாத ஒரு முள் நிற்கிறது. நம் சர்க்யூட் போடுவதா, அல்லது உள்ளே போன சிக்னல் அதிகமாகி அனலைசரே திணறிப் போடுவதா? சிக்னலைக் குறைத்து உள்ளே விடும் அட்டனுவேட்டரை 10 டெசிபல் ஏற்றினால் போதும், குறைத்ததைத் திரை கணக்கில் கூட்டிக்கொள்ளும். நிஜ சிக்னல் திரையில் அப்படியே நிற்கும், அனலைசர் தானாகச் சமைத்தது பொத்தென்று விழும். ரிப்போர்ட்டில் அந்த முள்ளைச் சேர்த்து அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய பத்து செகண்ட் வேலை.

இப்போது காசிமேடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பெயிண்ட், வெல்டிங், இன்ஜின் வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். என்னோடு படித்தவனுடைய அண்ணன் ஒரு படகுக்கு டிரைவர். போன வருஷம் தடைக்காலம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது கூப்பிட்டார். படகின் விஎச்எஃப் ரேடியோ செட்டில் அவர் பேசுவது பக்கத்துப் படகுக்கே கரகரவென்றுதான் கேட்கிறதாம். ஒரு மெக்கானிக் வந்து, சிக்னல் எவ்வளவு முட்டித் திரும்புகிறது என்று சொல்லும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை மாட்டிப் பார்த்து (1 என்றால் எதுவும் திரும்பவில்லை), 1.3 காட்டுகிறது, ஆன்டெனா பிரமாதம், செட்டுதான் போச்சு என்றிருக்கிறார். புது செட்டும் வாங்கியாகிவிட்டது. அதே கரகர.

என்னிடம் ஒரு நேனோவிஎன்ஏ இருக்கிறது. சட்டைப் பையில் போகும் சின்ன நெட்வொர்க் அனலைசர், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. லேப் மெஷினோடு ஒப்பிட்டால் இது சைக்கிள்தான், ஆனால் நம் சந்துக்குள் சைக்கிள்தானே போகும். கடல் சேனல் 16 என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 1.91 மீட்டர், இங்கே மூன்று சென்டிமீட்டர் அடாப்டர் எல்லாம் ஒரு பொருட்டே கிடையாது, அதனால் கனெக்டர் மாற்றி ஒன்றைத் தைரியமாக மாட்டினேன். வீல்ஹவுஸில் செட்டிலிருந்து கேபிளைக் கழற்றி இதில் போட்டேன். மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. ரிட்டர்ன் லாஸ், அதாவது போனதைவிடத் திரும்பி வருவது எவ்வளவு கம்மி என்ற கணக்கு, 17.5 டெசிபல். எஸ்டபிள்யூஆரில் சொன்னால் 1.3.

ரொம்ப அழகாக இருந்தது. அதனால் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் என் கையிலிருந்த கேபிள் நுனியில். இன்னொரு விரலை வைக்க வேண்டிய ஆன்டெனா, மேலே கம்பத்து உச்சியில். நடுவில் பன்னிரண்டு மீட்டர் கறுப்புக் கேபிள்.

பையன் ஒருத்தனை ஏறச் சொல்லி ஆன்டெனாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மேலே இப்போது ஒன்றுமே இல்லை, வெறும் முனை, சித்தப்பா மொட்டை மாடியில் தொங்கிய அதே ஒயர். போன சிக்னல் பூராவும் முட்டித் திரும்ப வேண்டும், மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். புது கேபிளாக இருந்தால்கூட, போக இரண்டேகால், வர இரண்டேகால் என்று நாலரை டெசிபல் காட்டலாம். இது 12 காட்டியது. ஆன்டெனாவே இல்லாத படகில் எஸ்டபிள்யூஆர் 1.7! டிரைவர் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு மேலே பையன் கையிலிருந்த ஆன்டெனாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

12ஐ இரண்டாக வகுத்தால் போக 6. ஆறு டெசிபல் போனால் மிச்சம் கால் பங்குதான். செட்டு தரும் 25 வாட்டில் முக்கால் பங்கை வழியிலேயே கேபிள் சூடாக்கித் தின்றுவிடுகிறது, மேலே ஏறுவது 6 வாட் சொச்சம். ஆன்டெனா அதில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பினால், கீழே வருவதற்குள் அதிலும் முக்கால் பங்கு காலி. திரும்பி வராததையெல்லாம் ஆன்டெனா முழுங்கிவிட்டது என்று கீழே இருக்கும் மீட்டர் கணக்கெழுதிக்கொள்கிறது. 17.5ல் 12ஐக் கழித்தால் மிச்சம் ஐந்தரை, அதுதான் ஆன்டெனாவின் நிஜ லட்சணம், எஸ்டபிள்யூஆர் மூன்றுக்கு மேலே. கேபிள் கெடக் கெட ரீடிங் அழகாகிக்கொண்டே போயிருக்கிறது.

கேபிளை இறக்கி மேல் முனையைக் கத்தியால் கீறினேன். உள்ளே சுற்றியிருக்கும் கம்பிப் பின்னலில் செம்பே தெரியவில்லை, பச்சைக் களிம்பு பூத்து, பிதுக்கினால் உப்புத் தண்ணீர் கசிந்தது. கனெக்டருக்கு மேல் ரப்பர் டேப் சுற்றாமல் விட்டிருக்கிறார்கள், கடல் காற்று உள்ளே இறங்கிப் பின்னலுக்குள்ளேயே வழிந்து பல மீட்டர் போயிருக்கிறது. ராயபுரத்தில் மொட்டை மாடியில் வைத்த சைக்கிளே ஒரு வருஷத்தில் போய்விடும், இது கடலுக்குள்ளேயே வாழ்கிற ஒயர்.

மறுநாள் புது கேபிள் போட்டு, முனைகளை நன்றாகச் சுற்றி, மறுபடி அளந்தேன். 1.9.

“இன்னா தம்பி, முன்னாடி 1.3 இருந்துச்சு, நீ கை வெச்சு 1.9 ஆயிடுச்சு. ரிப்பேருன்றது இதானா?”

விளக்கினேன். சித்தப்பா மாடி, ரஜினி மூக்கு எல்லாம் சொல்லி விளக்கினேன். இப்போது 14 வாட்டுக்கு மேல் ஏறுகிறது, ஆன்டெனா திருப்பியனுப்புவது போகப் பத்து வாட் காற்றில் போகும், முன்னால் நாலரைதான் போய்க்கொண்டிருந்தது என்றேன். அவர் முகத்தில் 1.9 மட்டும்தான் இருந்தது. சரி என்று செட்டைப் போட்டார். தடைக்காலத்திலும் பைபர் போட்டுகள் போகலாம், அவருடைய மச்சான் கைசெட்டோடு திருவொற்றியூர் பக்கம் கடலில் இருந்தார். இவர் கூப்பிட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் வார்த்தை: “மாமா, ஏன் இப்டி கத்துற?”

டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை, ஆன்டெனாவையும் மாற்றிக்கொடு, அந்த 1.3 வந்தாக வேண்டும் என்றார். மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது வர ஒரு வாரம் ஆகும், அவர்கள் 15ஆம் தேதி விடியலில் கிளம்பிவிட்டார்கள். பழைய கேபிளைத் தூக்கிப்போட மனமில்லாமல் கம்பத்துக்கும் வீல்ஹவுஸுக்கும் நடுவில் துணி காயப்போடக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒரு முழம் மட்டும் வெட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் காட்ட.